அடுப்படிக்கு வந்த குளிர்ச்சி

தெருவில் அவளுக்கு ஸ்பேனர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. ஏசி பழுதுபார்க்கும் கம்பெனியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பின்சீட்டில் கருவிப் பையைக் கட்டி, காலையில் அவள் ஸ்கூட்டரைக் கிளப்பும்போதெல்லாம் எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினிலிருந்து தலையைத் தூக்குவார்.

"ஸ்பேனர் கிளம்பியாச்சு. இன்னிக்கு யார் வீட்ல வேர்க்குதோ."

"உங்க வீட்லதான் அண்ணே. பழசாயிடுச்சு, மாத்திக் குடுன்னு அண்ணி நேத்தே சொல்லிட்டாங்க. ஏசிய இல்ல, உங்கள."

இப்படிப் பேச்சுக்குப் பேச்சு கொடுப்பாள். நன்றாகச் சிரிப்பாள். ஆனால் மறதி என்கிற சாமான் மட்டும் அவளிடம் கிடையாது. யாராவது அவளை ஒரு சொல் சொல்லிவிட்டால் சண்டை போடமாட்டாள், அழமாட்டாள். அந்தச் சொல்லை மடித்து உள்ளே வைத்துக்கொள்வாள். பிறகு சொன்னவர் சொன்னதை அப்படியே, எழுத்துப் பிசகாமல் செய்துகாட்டுவாள். அவள் பழிவாங்குவது அந்த விதத்தில்தான்.

கம்பெனியில் சேர்ந்த புதிதில், அவளுக்கு மேலே இருந்த மெக்கானிக் ஒரு மொட்டைமாடியில் வைத்து, "தங்கச்சி, நீ ஒண்ணும் பண்ண வேணாம். டார்ச்ச இங்க புடி, அது போதும்" என்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "சரிண்ணே" என்று அவள் பிடித்தாள். அவர் அந்தத் திருகை முடித்துவிட்டு அடுத்த திருகுக்குப் போனார். வெளிச்சம் முதல் திருகின் மேலேயே நின்றது.

"என்னம்மா, இருட்டுல தடவுறேன்ல?"

"நீங்கதான அண்ணே இங்க புடின்னு சொன்னீங்க."

அன்றைக்கு ஒவ்வொரு திருகுக்கும் அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து டார்ச்சை அவரே பல்லில் கவ்விக்கொண்டார். அவள் கைக்கு ஸ்பேனர் வந்தது. பெயரும் அப்படி ஒட்டியதுதான்.

அவள் வாழ்க்கைப்பட்ட வீடு ஒரு மாடி வீடு. கீழே அவளும், அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷனும், மாமனாரும். மாடியில் புருஷனின் அண்ணனும் அண்ணியும். அந்த அண்ணி, அதாவது அவளுடைய ஓரகத்தி, வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். மாடியின் முன்னறைதான் அவளுக்குப் பட்டறை. கிரீமில் பூப் போடுகிறவர்களுக்கு அறை குளிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோஜா கொஞ்ச நேரத்தில் வெங்காயம் மாதிரி உட்கார்ந்துவிடும். அதற்காக அங்கே ஒரு ஏசி வந்தது.

ஏசியின் குளிர்ப்பெட்டி மாடி அறைக்குள் போனது. வெளிப்பெட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, மாடி பால்கனியில் வேண்டாம், துணி காயப்போடும் இடம், சத்தம் வேறு போடும் என்றாள் ஓரகத்தி. மாமனார் தலையாட்டினார். ஸ்பேனர் வேலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது, அவளுடைய அடுப்படி ஜன்னலை ஒட்டி, வீட்டுச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் அந்தப் பெட்டி ஏறி உட்கார்ந்திருந்தது. அது ஊதிய அனல் மதிலில் மோதித் திரும்பி நேரே ஜன்னலுக்குள் வந்தது. மாடியில் ரோஜா மலர, கீழே அவள் வேர்த்துக் கொட்டினாள். வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் எது, வேர்வை எது என்று அவளுக்கே தெரியாது. அதையும் அவள் மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

மாமனாரின் பிறந்தநாளுக்கு எல்லாரும் கீழே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அன்று காலை அடுப்படிச் சந்தைப் பெருக்கும்போது வெளிப்பெட்டியின் பக்கவாட்டில், குழாய் வந்து சேருமிடத்தில் லேசான எண்ணெய்ப் பசை இருப்பதையும் அதில் தூசி அப்பியிருப்பதையும் ஸ்பேனர் பார்த்திருந்தாள். தொழில் தெரிந்தவர்களுக்கு அது ஒரு முன்னறிவிப்பு. ஏசிக் குழாய்க்குள் ஓடும் கேஸ் கசியும்போது கூடவே துளித்துளியாக எண்ணெயும் வெளியே வரும். குளிர்ச்சி குறைவதற்கு வெகுநாள் முன்பே அந்தக் கறை வந்துவிடும். அவள் பகையை ஓரமாக வைத்துவிட்டு, தொழிலுக்கு நியாயமாக வாயைத் திறந்தாள்.

"அக்கா, வெளிய பைப் சேர்ற எடத்துல எண்ணெய் கசிஞ்சிருக்கு. கேஸ் லேசா ஒழுகுது. இப்பவே பாத்துட்டா சின்ன வேலை."

ஓரகத்தி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே பிடித்தபடி மாமனார் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா மாமா? மெஷின் வாங்கி வருசம் திரும்பல. ஏசிக்காரி வீட்ல இருந்தா நல்ல மெஷினுக்கும் சீக்கு வந்துரும் போல."

பெரியவர், அதாவது ஓரகத்தியின் புருஷன், சிரித்தார். மாமனார் சிரித்தார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது ஸ்பேனரின் புருஷன்தான். புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தான்.

"ஏம்மா, உன் வேலைய உன் கம்பெனியோட வச்சுக்கோ," என்றாள் ஓரகத்தி. "இனிமே என் மெஷின் பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது. சரியா?"

"சரிக்கா," என்றாள் ஸ்பேனர்.

அவளைத் தெரிந்தவர்கள் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்த 'சரிக்கா'வைக் கேட்டுக் கலங்கியிருப்பார்கள். டார்ச் பிடித்த நாளிலும் அவள் இப்படித்தான் சரி என்றிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த ஆட்கள் முன்னால் இவள் வாய்க்குப் பூட்டுப் போட்டாளோ, அதே ஆட்கள் முன்னால் ஓரகத்தி அந்தப் பூட்டைத் தன் கையாலேயே திறக்க வேண்டும். அந்த மெஷின் செத்தாலும் சரி, அதுவரை இவள் வாய் திறக்காது.

கொஞ்ச நாள் கழித்து அடுப்படியில் ஒரு மாற்றம் வந்தது. ஜன்னல் வழியே வரும் காற்றில் அனல் குறைந்திருந்தது. ஸ்பேனர் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே புறங்கையை நீட்டிப் பார்த்தாள். வெதுவெதுப்பு. முன்பெல்லாம் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் கையை வைத்தது போலிருக்கும்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஏசி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறையின் சூட்டைச் சுமந்துகொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. சுமக்கிற ஆள் கேஸ்தான். கேஸ் குறைந்தால் கொட்டுகிற சூடும் குறையும். மாடியில் மெஷின் நலிய நலிய, கீழே அடுப்படி பிழைத்துக்கொண்டே வரும்.

"வெயில் இறங்கிடுச்சு போல. உள்ள நல்லா இருக்கே," என்றபடி புருஷன் தண்ணீர் குடிக்க வந்தான்.

"ஆமாங்க, நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அன்றைக்கு அவள் சமைத்தது எல்லாருக்கும் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அந்த மெஷின் நோய்ப்படுவதை அவள் ஒரு தொடர்கதையைப் படிப்பது போல ஒவ்வொரு நாளும் படித்தாள். மெல்லிய குழாயின் முனையில் காலையில் வெள்ளையாகப் பனி பிடித்தது. ஏசித் தண்ணீரை வெளியே விடும் பிளாஸ்டிக் குழாயில் சொட்டு குறைந்து, பிறகு வெறும் ஈரமாயிற்று. முன்பு நடுநடுவே ஓய்வெடுத்த கம்ப்ரஸர் இப்போது மூச்சுவிடாமல் ஓடியது. மாடியில் ரிமோட்டை அழுத்தும் பீப் சத்தம் அடிக்கடி கேட்டது. ஓரகத்தி இன்னும் குறை, இன்னும் குறை என்று டிகிரியை இறக்குகிறாள். இந்த ஒவ்வோர் அடையாளத்தையும் பார்த்தவுடன் ஃபோன் செய்யுங்கள் என்று கம்பெனியில் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கிறது. இந்த வீட்டில் அவள் காய் நறுக்கினாள்.

ஒருநாள் ஓரகத்தி வெளியாள் ஒருவனைக் கூட்டிவந்தாள். அவன் சந்துக்குள் நுழைந்து, கறையைத் துடைக்கக்கூடச் செய்யாமல், கேஸை மட்டும் ஏற்றினான். ஸ்பேனர் ஜன்னல் வழியே அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவள் சட்டையைப் பார்த்து அவன் திகைத்தான்.

"வீட்டுக்குள்ளயே ஆள் இருக்கே. என்னை எதுக்குக் கூப்பிட்டாங்க?"

"இந்த ஆளுக்கு வாய்ப்பூட்டு அண்ணே. குடிச்சிட்டு டம்ளரக் குடுங்க."

சில நாள் அடுப்படி மறுபடி கொதித்தது. அவள் பொறுத்துக்கொண்டாள். ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். காற்று மெல்ல மெல்ல மறுபடி இதமானது.

அந்தச் சமயத்தில்தான் ஓரகத்திக்கு அவள் வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர் வந்தது. பக்கத்துக் கடைத்தெருவில் பல் மருத்துவர் ஒருவர் ஆஸ்பத்திரி திறக்கிறார். திறப்பு விழாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் வடிவத்தில் பெரிய கேக் வேண்டும், பளபளவென்று வெள்ளைக் கிரீமில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொடுத்துவிட வேண்டும். ஊரில் பெரிய கைகள் எல்லாம் வருகிற விழா.

"பல்லுக்குச் சக்கர ஆகாதுன்னு சொல்றவரே பல்ல சக்கரையில செய்யச் சொல்றாரு," என்று தையல்காரர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஞாயிறு காலை எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். ஸ்பேனர் அடுப்படியில் இருந்தபோது ஓரகத்தி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது, முழங்கைவரை கிரீம், நெற்றியெல்லாம் வேர்வை.

"உங்க ஃப்ரிட்ஜ்ல எடம் இருக்கா? இந்தப் பல்லு எங்க ஃப்ரிட்ஜ்ல நுழைய மாட்டேங்குது. மேல ஒரே புழுக்கம், ஒரு பக்கம் வேர் சரியுது..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. ஆனாலும் உள்ளே இதமாக இருந்தது. ஜன்னல் வழியே காற்று வந்தது. ஓரகத்தி ஜன்னலருகே போய்க் கையை வெளியே நீட்டினாள்.

"இது என் மெஷின் காத்து," என்றாள்.

ஸ்பேனர் குழம்பைக் கிளறினாள்.

"மேல நான் வெந்து சாகுறேன், இங்க ஜில்லுனு இருக்கு. என் குளிர்ச்சியெல்லாம் நீ கீழ இழுத்துக்கிட்டியா? பைப்ப என்னடி பண்ணின?"

இப்படி ஒரு குற்றச்சாட்டு வரும் என்று ஸ்பேனர் நினைத்துப் பார்த்ததே இல்லை. குளிர்ச்சியைத் திருடினாளாம். சிரிப்பு தொண்டைவரை வந்தது. ஒரே ஒரு வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். ஆனால் அது மெஷினைப் பற்றி வாய் திறப்பதாகிவிடும். அவள் ஆள்காட்டி விரலால் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். பிறகு உப்புப் பார்க்கக் கரண்டியை எடுத்தாள்.

"இருக்கட்டும். அவர் குளிச்சிட்டு வரட்டும். எல்லாரையும் கூட்டி வச்சுக் கேக்குறேன்," என்று சொல்லிவிட்டு ஓரகத்தி படபடவென்று மாடியேறினாள்.

எல்லாரையும் கூட்டி வைக்கட்டும் என்றுதான் ஸ்பேனரும் இத்தனை நாளாகக் காத்திருந்தாள்.

அப்போதுதான் சந்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டக் என்று ஒரு சொடுக்கு. கம்ப்ரஸர் நின்றது. சற்றுப் பொறுத்து முக்கி முனகிக் கிளம்பியது. மறுபடி சொடுக்கு. கேஸ் தீர்ந்துபோன கம்ப்ரஸர் தன் சூட்டிலேயே வெந்து, நின்று, மறுபடி எழப் பார்க்கிறது. இது கடைசிக் கட்டம். இப்படியே விட்டால் உள்ளே மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிவிடும். பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மெஷினைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

கருகட்டும் என்று முதலில் நினைத்தாள். மாடியில் பல் சரியட்டும். பல் மருத்துவரின் ஆஸ்பத்திரி வாசலில் ஓரகத்தி கையைப் பிசைந்துகொண்டு நிற்கட்டும். ஆனால் செத்த மெஷினை வைத்துக்கொண்டு யாரும் அவளிடம் இறங்கி வரமாட்டார்கள். புது மெஷின் வாங்கிக்கொண்டு, இவள்தான் எதையோ செய்து பழையதைக் கெடுத்தாள் என்று காலம் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மெஷின் உயிரோடு இருந்தால்தான் பூட்டுத் திறக்கும்.

மறுபடி சொடுக்கு. அவள் அடுப்பை அணைத்தாள். மாடிப்படிக்குக் கீழே, வீடு முழுவதுக்குமான மின்பெட்டி இருந்தது. கதவைத் திறந்து, மாடி ஏசிக்கான பிரேக்கரைக் கீழே இறக்கிவிட்டு, பெட்டியைச் சத்தமில்லாமல் மூடினாள். சந்தில் எல்லாம் அடங்கியது. கம்ப்ரஸர் ஆறட்டும். வாயும் திறக்கவில்லை, மெஷினும் பிழைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாடியில் ரிமோட் பீப் அடிக்கவில்லை. நாற்காலி இழுபட்டது. ஓட்டமாக ஓடும் காலடி கேட்டது.

"போச்சு. எல்லாம் போச்சு. மெஷின்ல லைட்டுகூட எரிய மாட்டேங்குது."

சற்று நேரத்தில் எல்லாரும் சந்தில் நின்றார்கள். தலை துவட்டிய துண்டோடு பெரியவர், செய்தித்தாளோடு மாமனார், பாதி ஷேவ் செய்த முகத்தோடு ஸ்பேனரின் புருஷன். ஓரகத்தி வெளிப்பெட்டியையும் அடுப்படி ஜன்னலையும் மாறி மாறிக் காட்டினாள்.

"மாமா, என் குளிர்ச்சிய இவ கீழ திருப்பிவிட்டிருக்கா. இப்ப மெஷினே செத்துடுச்சு. கேளுங்க."

"என்னம்மா இது? குளிர்ச்சிய எப்படித் திருப்ப முடியும்?" என்றார் மாமனார். "நீ சொல்லு."

ஸ்பேனர் ஓரகத்தியைப் பார்த்தாள்.

"சொல்லலாமா அக்கா?"

"என்ன நக்கலா?"

"இல்லக்கா. இந்த மெஷின் பத்தி நான் வாயே தொறக்கக் கூடாதுன்னு இவங்க எல்லாரும் இருக்கும்போதுதான் சொன்னீங்க. நானும் சரின்னேன். அதான் கேக்குறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்டாட்டியின் காதருகே சொன்னார்: "சாயங்காலம் கேக்கு போகணும்டி." மாடியில் அந்த நேரம் கடைவாய்ப் பல்லின் வேர் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டிருந்தது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஓரகத்தி கையில் காய்ந்திருந்த கிரீமைச் சுரண்டினாள்.

"சரி. சொன்னது தப்புதான். தொற வாயை."

"என்ன தப்புக்கா?"

"ஏய், விடு," என்றான் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க. சிரிச்சது நீங்கதான் ஜாஸ்தி."

ஓரகத்தி மூச்சை இழுத்துவிட்டாள். "நல்ல மெஷினுக்கு இவ சீக்கு சொல்றான்னு சொன்னேன். மெஷினுக்கு நெசமாவே சீக்குதான். அன்னிக்கு அவ சொன்னது சரி. போதுமா?"

"போதும்," என்றாள் ஸ்பேனர்.

இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு அந்த வார்த்தைகள் இனிக்கத்தான் செய்தன. ஒரு கணம் மட்டும் மின்பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அவர்கள் நினைப்பது போல மெஷின் இப்போது செத்துக் கிடக்கவில்லை. சீக்கு நிஜம், சாவு அவள் கொடுத்தது. அந்த நினைப்பையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

கருவிப் பையும் பம்பும் கேஸ் சிலிண்டரும் வந்தன. முதலில் ஓரகத்தியின் விரலைப் பிடித்துக் குழாயின் மூட்டில் வைத்துத் தேய்த்தாள். விரல் கறுப்பாகப் பிசுபிசுத்தது. "இதான்க்கா அன்னிக்கு நான் சொன்ன எண்ணெய்." கிரீம் பக்கம் போகாத விரலாகப் பார்த்துப் பிடித்தாள் என்று சொல்ல முடியாது. பிறகு மூட்டைக் கழற்றி, குழாயின் முனையை வெட்டிப் புதிதாக விரித்து இறுக்கினாள். சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். உள்ளேயிருந்த காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சினாள். அது முடியும்வரை அவள் அவசரப்படவில்லை. மாடிக்கும் சந்துக்கும் நடுவே ஓரகத்தி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். கடைசியாகப் புதுக் கேஸ் ஏற்றினாள்.

"ஏங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "படிக்குக் கீழ போர்டுல மாடி ஏசி பிரேக்கர் இருக்கும். போட்டுவிடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. அவன் போனான். திரும்பி வர நேரமாயிற்று. சந்தின் முனையில் வந்து நின்றபோது, ஷேவ் செய்யாத பாதி முகத்தோடு அவளையே பார்த்தான். அவன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். பெட்டியைத் திறந்தே பார்க்காத ஒருத்தியால், உள்ளே சுவிட்ச் இறங்கிக் கிடப்பதைச் சொல்ல முடியாது என்பது அவனுக்குத் தெரியும்.

"போட்டாச்சு," என்றான்.

கம்ப்ரஸர் முனகல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுந்தது. மேலே ஓரகத்தியின் குரல் கேட்டது: "வந்துடுச்சு, குளுகுளுன்னு வந்துடுச்சு." பெரியவர், "அப்பாடா" என்று துண்டை உதறினார்.

ஸ்பேனர் கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். குழம்பு பாதியில் நின்றிருந்தது. அடுப்பைப் பற்றவைத்தாள். ஜன்னல் வழியே அனல் வந்து முகத்தில் அறைந்தது. பழுதே இல்லாத மெஷினின் முழு அனல். கொஞ்ச நேரத்தில் நீலச் சட்டையின் முதுகு ஒட்டிக்கொண்டது.

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். சந்தில் நின்றபோது ஓரகத்தி அவள் கைக்குள் இருந்தாள், கேட்டதைக் கொடுத்திருப்பாள். இந்தப் பெட்டியைத் தூக்கி உன் பால்கனியில் வை என்று கேட்டிருக்கலாம். அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. ஒரு சொல்லை வாங்குவதிலேயே இத்தனை நாள் புத்தி முழுவதும் போய்விட்டது.

புருஷன் தண்ணீர் குடிக்க வந்தான். குடித்துவிட்டு டம்ளரை வைக்காமல் நின்றான்.

"பிரேக்கர நீதான எறக்கின?"

"ஆமாங்க. எறக்கலைன்னா மெஷின் கருகியிருக்கும்."

"அத அவங்ககிட்ட சொல்லல."

"கேட்டா சொல்லியிருப்பேன்." நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு வேலை முடிஞ்சு வரும்போது சுவத்துல மாட்டுற ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கிட்டு வாங்க. இந்தப் பெட்டி பால்கனிக்குப் போகுது. பைப் நீளம் குறைஞ்சா மெஷினுக்கு நல்லதுன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லுங்க. துணிய வேற எடத்துல காயப்போடட்டும்."

"நெசமாவே மெஷினுக்கு நல்லதா, இல்ல..."

"இந்த வீட்ல மெஷின் பத்தி நான் சொன்னா சரிதான். காலையில நாலு பேரு முன்னால சொன்னாங்கல்ல, நீங்களும்தான கேட்டீங்க?"

அவன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். சிரிக்கலாமா என்று யோசித்தவன் போல அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, "எந்த சைஸு ஸ்டாண்டு?" என்று கேட்டான்.